மாமியாரைப் பற்றி குழுவில் எழுதியது மாமியார் கைக்கே வந்துவிட்டது

கொங்குப் பகுதியிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

2020 ஊரடங்கு நேரத்தில் மாடித்தோட்டம் போடக் கற்றுக்கொள்ளப் போய், எட்டுப் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். சேலம், திருச்சி, பெங்களூரு என்று ஆளுக்கொரு ஊர். ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார். இன்றுவரை யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. முதலில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும் என்கிற பேச்சுதான். போகப்போக செடி குறைந்து வீடு வந்துவிட்டது. இரவு சமையலறை விளக்கை அணைத்த பிறகு ஒவ்வொருவரும் அன்றைய 'ஒரு கடுப்பு, ஒரு குஷி' எழுத வேண்டும் என்பது குழுவின் வழக்கம். கடுப்பு என்றால், காஸ் சிலிண்டர்காரர் ஓடிபி கேட்டு நிற்கும்போது போன் சார்ஜ் போனது, கட்டிலில் கிடந்த ஈரத்துண்டு, கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் சர்வர் படுத்துக்கொண்டது. குஷி என்றால், பஸ்ஸில் கிடைத்த ஜன்னல் சீட்டு, தொட்டியில் முதல் கத்திரிக்காய், எல்லோரும் வெளியே போன பிறகு தனியாகக் குடித்த நாலு மணிக் காபி.

போன மாதம், குழுவில் இவர் எழுதிய சில வரிகளின் ஸ்கிரீன்ஷாட் நாத்தனாருக்குப் போய், அவர் மூலமாக மாமியாருக்கும் போய்விட்டது. அதில் ஒன்று, 'எங்க வீட்டு ஜட்ஜம்மா இன்னைக்கும் தீர்ப்பு சொல்லிட்டாங்க, வெண்டைக்காய் குற்றவாளி' என்கிற கிண்டல். இன்னொன்று, 72 வயது மாமியாருக்கு இரவில் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுவதையும், விடியற்காலையில் போர்வை அலசுவதையும் பற்றிய புலம்பல். அதற்குப் பிறகு மாமியார் இவரிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார். கணவர் குழுவை விட்டு வெளியே வரச் சொல்கிறார், போனின் பாஸ்வேர்டையும் கேட்கிறார். இவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர் மீதும் குழு அட்மின் மீதும் சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாமா, நான் குடும்பத்துக்குத் துரோகம் செய்துவிட்டேனா, முகம் தெரியாதவர்களை நம்பியது என் புத்திகெட்டதனமா என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் பதில் சுலபம். புத்திகெட்டதனம் இல்லை. உங்கள் தந்தை இறந்த வாரத்தில் அந்த ஏழு பேரும் முறை வைத்துக்கொண்டு தினமும் போன் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்த்த எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள்? முகம் பார்க்காத நட்பு போலி நட்பு என்று வீட்டில் சொல்கிறார்கள் என்பதற்காக நீங்களும் அதை நம்ப வேண்டியதில்லை. எட்டில் ஒருவர் தவறியிருக்கிறார். மீதி ஆறு பேரை அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

புலம்பியதும் துரோகம் இல்லை. வீட்டு வேலையும் அலுவலக வேலையும் பார்க்கும் ஒரு பெண் இரவு பத்து மணிக்கு ஈரத்துண்டைப் பற்றி நாலு வரி எழுதிச் சிரித்துவிட்டுப் படுப்பது, அந்த ஈரத்துண்டுக்காகச் சண்டை போடுவதைவிட எல்லோருக்கும் நல்லது. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பேசித் தோழிகளோடு சேர்ந்து அரைத்துக்கொண்டே இருப்பதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு அது. அப்படிப் பேசுகிறவர்களுக்குள் நட்பு நெருக்கமாகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன என்பது அதன் முடிவு. உங்கள் வயதுக்கு அதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: குழுவில் எழுதிய பிறகு கடுப்பு இறங்கியதா, ஏறியதா? நீங்கள் அனுப்பிய பதிவுகளில் ஈரத்துண்டு ஒரு முறைதான் வருகிறது. மாமியாரின் போர்வை பல முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சொற்கள் இன்னும் கூர்மையாகின்றன. அந்த விஷயத்தில் புலம்பல் உங்களுக்கு உதவவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எது உங்கள் கதை, எது அவருடையது

கடிதத்தில் ஜட்ஜம்மா கிண்டலுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதை எழுதியிருக்கக் கூடாது, மரியாதைக் குறைவு, வயதானவரை அப்படிச் சொல்லலாமா என்று உங்களையே போட்டு அடித்துக்கொள்கிறீர்கள். சிறுநீர் விஷயத்துக்கு ஒரே ஒரு வரி: 'அதுவும் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது.'

நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெண்டைக்காய்க் கிண்டலைப் படித்து உங்கள் அத்தைக்குக் கோபம் வந்திருக்கும். தன் மாமியாரைப் பற்றி அவரும் கிணற்றடியில் இதைவிடக் காரமாகப் பேசியிருப்பார்! அந்தக் கோபம் ரெண்டு நாளில் தணிந்துவிடும். அறைக்குள் போய்த் தனியாகச் சாப்பிடுவது கோபத்தால் அல்ல என்றே படுகிறது. கோபப்பட்ட மாமியார் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவார், மகனிடம் சொல்வார், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். உங்கள் அத்தை யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அவமானம். எழுபது வயது தாண்டிய ஒரு பெண், மகளிடம்கூட வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த உடல் விஷயம், முன்பின் தெரியாத ஏழு வீடுகளுக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கும் அந்த வழியாகத்தான் தெரிந்திருக்கிறது.

போர்வை அலசும் களைப்பு உங்களுடையது. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. 'விடியற்காலையில் எழுந்து வேலை பார்த்து இடுப்பு ஒடிகிறது' என்று எழுதியிருந்தால் அந்தத் தோழிகள் அதே அளவு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அந்தப் போர்வை ஏன் நனைந்தது என்பது அவருடைய விஷயம். உங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடன் இருக்கிறது என்றால் அது இதற்காகத்தான். ஜட்ஜம்மாவுக்காக இல்லை.

புகார், வழக்கு

சட்டப் பகுதியை எங்கள் ஆலோசனை மையத்தில் உட்காரும் வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இல்லை.

தனக்கு வந்த ஒரு செய்தியை ஒருவர் இன்னொருவருக்குக் காட்டியதற்காக மட்டும் அவரைத் தண்டிக்கும் பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இல்லை. 66இ பிரிவு அந்தரங்க உடல் பாகங்களின் படங்களைப் பற்றியது. உங்கள் விஷயம் வெறும் எழுத்து. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியதும், இன்னும் இருப்பதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருப்பதுமான 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனிமனிதர் ஒருவர் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தகவலைக் கையாள்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அட்மினை விட்டுவிடுங்கள். குழு உறுப்பினர் செய்ததற்கு அட்மின் தானாகவே குற்றப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று மதுரைக் கிளை உட்பட சில உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. பாவம், அந்த அம்மா குழுவைத் தொடங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அவதூறு என்று போனால் கத்தி உங்கள் பக்கமே திரும்பும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, ஒருவரின் நற்பெயருக்குக் கேடு வரும்படி மூன்றாம் நபரிடம் சொல்வதைப் பற்றிப் பேசுகிறது. மூன்றாம் நபரிடம் சொன்னது முதலில் யார்? உங்கள் மாமியார் வழக்குப் போடப் போவதில்லை, போட்டாலும் நிற்பது கடினம். ஆனால் நீங்கள் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நம்பிக்கை மோசம் என்று சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஏட்டளவில் சொல்லலாம். செலவும் வருடங்களும் போகும், அத்தையின் உடல்நலம் வழக்குக் கட்டில் ஏறும். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நிலைமை மாறும் இடம் ஒன்று உண்டு. மீதி ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பிவிடுவேன் என்று யாராவது மிரட்டினாலோ, பணம் கேட்டாலோ, உங்கள் படத்தை வெட்டி ஒட்டிப் பரப்பினாலோ அது குற்றம். அப்போது எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

யார் அனுப்பியது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் உங்கள் கையில் இருக்கிறது, ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எடுத்தவரின் சொந்தச் செய்திகள் வலப்பக்கம் இருக்கும். அவர் உங்களை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறாரோ அந்தப் பெயர் உங்கள் செய்திக்கு மேலே இருக்கும். 'மாடித்தோட்டம் அக்கா' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழுவில் உங்களை அக்கா என்று அழைப்பவர்கள் எத்தனை பேர்? நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஆனால் கண்டுபிடித்த கையோடு குழுவில் போட்டு உடைக்காதீர்கள். இப்படி வெளியே போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, வாய்க்கொழுப்பால். 'எங்க குழுவில் ஒரு அக்கா செமயா எழுதுவாங்க, பாரு' என்று ஒரு தங்கையிடம் காட்ட, அந்தத் தங்கை உங்கள் நாத்தனாரோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்க, அப்படியே கிளம்பியிருக்கலாம். தனியாகப் போன் செய்து கேளுங்கள். எழுத்தில் கேட்காதீர்கள், இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டுக்கு வழி செய்ய வேண்டாம். ஒப்புக்கொண்டு வருந்தினால் உறவைக் குறைத்துக்கொண்டு நகரலாம். மழுப்பினால் அவர் இருக்கும் இடத்தில் இனி நீங்கள் எழுதாமல் இருந்தால் போதும்.

கடிதத்தில் ஒரு தவறான நம்பிக்கை தெரிகிறது: 'வாட்ஸ்அப் பாதுகாப்பானது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்றார்களே.' நடுவில் படிக்க முடியாதுதான். உங்கள் போனிலிருந்து அவர் போனுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பூட்டு இருக்கிறது. அவர் போனுக்குள் இல்லை. செய்தி தானாக மறையும் வசதியை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்துக்கொள்ளலாம், மறைவதற்குள் படம் எடுத்தால் எடுத்ததுதான். குழு உரையாடலை ஏற்றுமதி செய்ய முடியாதபடி தடுக்கும் அமைப்பு ஒன்று 2025-இல் வந்திருக்கிறது, அதுவும் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது. இவற்றையெல்லாம் போட்டுவைப்பது நல்லதே. ஆனால் எழுதும்போது, அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் எந்த வரி நிற்கும், எந்த வரி நிற்காது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஜட்ஜம்மா வரி அநேகமாக நிற்கும்.

போனைக் கேட்கும் கணவர்

இதில் அவசரப்பட்டு 'எடுத்துக்கோங்க, பாருங்க' என்று நீட்டிவிடாதீர்கள். 'என் போன், என் உரிமை' என்று கதவைச் சாத்தவும் வேண்டாம்.

உரிமை உண்டு என்பது சரி. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொன்னது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்துவந்த அழைப்பு விவரங்களை ஏற்க மறுத்து, கணவன் மனைவிக்குள்ளும் தனியுரிமை உண்டு என்று மதுரைக் கிளை 2024-இல் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே வேறொரு விவாகரத்து வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நீதிமன்றத்தைக் காட்டி வீட்டில் பேச்சை முடிக்க முடியாது. உங்கள் வீட்டு விஷயம் அந்த எல்லைக்குப் போகவும் இல்லை.

எனக்குப் படும் முக்கியமான காரணம் வேறு. அந்தப் போனில் மற்ற ஏழு பெண்களின் வீட்டுக் கதைகளும் இருக்கின்றன. மஸ்கட் தோழியின் கடன், திருச்சித் தோழியின் கருக்கலைப்பு என்று எனக்கே கோடிட்டுக் காட்டியிருக்கிறீர்கள் (இங்கே நான் ஊரையும் விவரத்தையும் மாற்றிவிட்டேன்). அவற்றை உங்கள் கணவர் படிக்க நீங்கள் அனுமதி தர முடியாது. அத்தையின் விஷயத்தில் நடந்த அதே தவறு மறுபடி நடந்துவிடும். இதைக் கணவரிடம் இப்படியே சொல்லலாம்: 'என்னுடையதை எல்லாம் காட்டுகிறேன், அவர்களுடையது என் கையில் இல்லை.'

காட்டும்போது குஷியையும் காட்டுங்கள். கணவர் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டு 'சம்பந்தமில்லாமல் பேசுகிறார்' என்று கடந்துபோய்விட்டீர்கள்: 'பிரமோஷன் லிஸ்ட்ல பேர் வந்ததைக்கூட முதல்ல அங்கதான் சொல்லியிருக்க.' சம்பந்தமில்லாத பேச்சா அது? அவருக்கு வலித்தது அதுதான். அம்மாவைக் கிண்டல் செய்தது என்பது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணம். உளவியலாளர் ஷெல்லி கேபிளும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நல்ல செய்தியைப் பகிரும்போது துணை எப்படி எதிர்வினை செய்கிறார் என்பதற்கும் உறவின் நிறைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். ஆர்வமாகக் கேட்டு, மேலும் இரண்டு கேள்வி கேட்கும் துணையோடு வாழ்பவர்கள் நிறைவாக இருக்கிறார்கள். 'ம்' என்று தலையை ஆட்டிவிட்டு டிவி பார்ப்பவரோடு வாழ்பவர்கள் அப்படி இல்லை. உங்கள் வீட்டில் 'ம்' கிடைத்ததால்தான் செய்தி குழுவுக்குப் போயிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஐந்து வருடமாகக் கத்திரிக்காயும் காபியும் ஜன்னல் சீட்டும் அங்கே போய்க்கொண்டிருந்திருக்கின்றன. அவருக்கு வந்ததெல்லாம் ஈரத்துண்டு மட்டும்தான். ஆகவே குழுவை விட்டு விலகுவதா என்று முடிவெடுக்கும் முன், சின்னச் சின்ன நல்ல விஷயங்களை ஒரு மாதத்துக்கு முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். மொக்கையாகக் கேட்டால், மொக்கையாகக் கேட்கிறீர்கள் என்று அவரிடமே சொல்லுங்கள். அவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், குழுவை விட வேண்டாம். சில வாரம் எழுதாமல் இருந்துவிட்டுத் திரும்புங்கள். நடந்ததை மற்றவர்களுக்குச் சொல்லி, அடுத்தவர் உடம்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் இனி எழுதுவதில்லை என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். கணவர் இன்னும் கட்டாயப்படுத்தினால், வேலைக்குப் போகாதே, அம்மா வீட்டுக்குப் போகாதே என்று அது வேறு இடங்களுக்கும் பரவுகிறதா என்று கவனியுங்கள். பரவினால் அது வேறு பிரச்சினை. 181 பெண்கள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை, மனம் புண்பட்டவராகத்தான் தெரிகிறார்.

அத்தையிடம்

முதலில் பேச வேண்டியது அவரிடம்தான். நாத்தனாருக்கு விளக்கம் சொல்வதெல்லாம் அப்புறம். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கணவரைக்கூட வைத்துக்கொள்ளாமல், அவர் அறைக்கே போய் உட்காருங்கள். 'உங்க உடம்பு விஷயத்தை நான் வெளியே எழுதியிருக்கக் கூடாதுங்க அத்தை' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'ஆனா நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு...' என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் இன்றைக்கு வேண்டாம். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாருங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து டாக்டர் பேச்சை எடுங்கள். இத்தனை பக்கத்தில் எங்கேயும் அவரை டாக்டரிடம் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை, வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. வயதான பெண்களுக்குச் சிறுநீர் கசிவது சகஜம், ஆனால் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதில்லை. சிறுநீர்த் தொற்று, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, மலச்சிக்கல், இரவில் போடும் பிரஷர் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இருக்கலாம். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இலேயே எழுதிவைத்தார், இன்றும் மருத்துவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். பலன் தெரியச் சில மாதம் பிடிக்கும். இதற்குப் பயந்து தண்ணீரையே குறைத்துவிடுவது தவறு. படுக்கப்போகும் முன் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். பெண் மருத்துவராகப் பாருங்கள். அவர் விரும்பினால் மட்டும் நீங்கள் உள்ளே போங்கள். இல்லையென்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். நாத்தனாரைத் துணைக்கு அழைக்கலாமா என்பதையும் அத்தையே முடிவு செய்யட்டும்.

உங்கள் தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசுங்கள். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கும் எழுதுங்கள், ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம்.